பத்துக்கு ஒன்று

காலை ஆறு மணிச் சங்கு ஓய்வதற்குள் தகடு வெட்டும் எட்டு பிரஸ்களும் அடிக்கத் தொடங்கிவிடும். மைசூர் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருந்த அந்தக் கம்பெனிக்கு மூன்று பக்கம்தான் சுவர். நான்காவது பக்கம் தகரம். மார்கழிக் குளிர் தகரத்தின் அடியில் புகுந்து கணுக்காலைப் பிடிக்கும். மரத்துப்போனாலும் கால் நிற்கக் கூடாது. இடது கை தகட்டைத் தள்ள வேண்டும். வலது கால் பெடலை மிதிக்க வேண்டும். மேலேயிருந்து இரும்புத் தலை இறங்கி ஓர் அடி அடித்துவிட்டு ஏறும். அது ஏறிய கையோடு வலது கை அச்சுக்குள் போய், வெட்டுப்பட்ட துண்டை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். ஸ்கூட்டர் விளக்கைத் தாங்கும் பட்டை அது. உள்ளங்கை அகலம், எண்ணெய்ப் பிசுக்கு, கத்தி மாதிரி விளிம்பு.

ஒரு ஷிப்டுக்கு மூவாயிரம் பட்டை. போன வருஷம் வரைக்கும் இரண்டாயிரத்து நானூறுதான். துண்டை எடுக்க ஆளுக்கு ஓர் இடுக்கி கொடுத்திருந்தார்கள். இடுக்கியால் எடுத்தால் மூவாயிரம் வராது. அதனால் எட்டு இடுக்கிகளும் எட்டு மெஷின்களின் பக்கவாட்டில் ஆணியில் தொங்கின. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் கைக்கு வரும்.

ஆறுமுகசாமி மூன்றாம் நம்பரில் நின்றான். ஹனூர்ப் பக்கம் ராமாபுரத்துக்காரன், வயது முப்பத்தைந்து. பி.யு.சி.யைப் பாதியில் விட்டவன். ஆனாலும் கணக்கு வரும், எழுத்து திருத்தமாக இருக்கும். அதனால்தான் கம்பெனி கமிட்டிக்குத் தொழிலாளர் தரப்பில் அவன் பேரைச் சொன்னார்கள்.

அதற்காக மட்டுமல்ல. அவனிடம் ஒரு டப்பா இருந்தது.

பழைய பிஸ்கட் டப்பா. உள்ளே பஞ்சு, டிஞ்சர், பிளாஸ்திரிச் சுருள், ஒரு கத்தரிக்கோல். முதலுதவி அறை என்று கம்பெனியில் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அங்கே பிளாஸ்திரிக்குப் பக்கத்திலேயே விபத்துப் பதிவேடும் இருந்தது. பிளாஸ்திரி கேட்டால் பேர் எழுத வேண்டும். பேர் எழுதினால் வாசலில் இருக்கும் கரும்பலகையின் எண் பூஜ்யச் சுழிக்கு வந்துவிடும். 'விபத்து இல்லாத நாட்கள்' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பெயிண்டில் எழுதிய பலகை. எண்ணை மட்டும் தினம் காலையில் வாட்ச்மேன் சாக்பீஸால் மாற்றுவார். முந்நூற்று அறுபத்தைந்தைத் தொட்ட அன்று ஆளுக்கு ஒரு பிரஷர் குக்கர் கொடுத்தார்கள். ஐந்நூறு தொட்டால் மிக்ஸி என்று சொல்லியிருந்தார்கள். அதனால் கை கிழிந்தவர்கள் முதலுதவி அறைக்குப் போகவில்லை. கம்ப்ரசருக்குப் பின்னால், ஆறுமுகசாமியிடம் வந்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை பலகையில் 391.

ஷிப்டு தொடங்கும் முன் ஐந்தாம் நம்பர்க்காரி காவேரி வந்து விரலை நீட்டினாள். வலது கை ஆள்காட்டி விரல்.

"ஒரு துண்டு பிளாஸ்திரி குடுங்கண்ணா. சனிக்கிழமை கிழிச்சது, இன்னும் வாய் தொறந்துதான் இருக்குது."

"இடுக்கியில புடிக்கறதுதானம்மா?"

"நீங்க புடிங்க மொதல்ல. நான் பாத்துக் கத்துக்கறேன்."

அவன் சிரித்துக்கொண்டே இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டினான். "இன்னிக்குச் சாயங்காலம் ஈரம் பட்டா மாத்திக்க" என்றான்.

எட்டு மெஷின் ஒன்றாக அடிக்கும்போது வெளியாளுக்கு அது வெறும் இரைச்சல். பிரஸ்காரனுக்கு அப்படியில்லை. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நடை உண்டு. காது தானாகப் பிரித்துக்கொள்ளும். ஏழே முக்கால் இருக்கும். ஐந்தாம் நம்பர் ஓர் அடி அடித்தது. ஏறியது. மறுபடியும் பெடல் மிதிக்காமலே ஓர் அடி அடித்தது.

ஆறுமுகசாமி திரும்புவதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

காவேரி கத்தவில்லை. கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மெஷின் கெம்பம்மா தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஆறுமுகசாமி அச்சுக்குள் குனிந்து பார்த்தான். இரண்டு விரல்கள். ஒன்றில் அவன் ஒட்டிய பிளாஸ்திரி இருந்தது, அவிழாமல்.

*

அவளை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்த பிறகு, அரை மணி நேரத்தில் ஏழு மெஷின்கள் மறுபடி அடித்தன. ஆறுமுகசாமியின் கால் பெடலை மிதித்துக்கொண்டிருந்தது. மனசு மூன்று மாதத்துக்கு முந்தைய ஒரு மத்தியானத்தில் நின்றது.

அன்று மாடி அறையில் விசிறி சுழன்றது, காப்பி வந்தது. பெர்சனல் மேனேஜர் யதுநந்தன் வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டார். மேல்கோட்டைப் பக்கத்துக் குடும்பம். பெங்களூரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். நல்ல மனிதர்தான். யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார்.

"இனிமே இந்தக் கம்பெனியில எந்த முடிவும் ஒருத்தர் வாயிலேர்ந்து வராது" என்றார். "ஆத்துல கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்கறோமோல்லியோ, அதே மாதிரி. இந்த வருஷம் மூணு காரியத்துல ஒண்ணுதான் பண்ண முடியும். புது கம்ப்ரசர், கேன்டீன் கூரை, பிரஸ்ஸுக்கு ரெட்டைக் கை பொத்தான். செலவு, உற்பத்தி, தொழிலாளர் வசதி, விபத்து வாய்ப்பு. நாலு பொருத்தம். ஒவ்வொண்ணுக்கும் எத்தனை எடைன்னு முன்கூட்டியே பேசி வெச்சுக்கறோம். அப்புறம் பத்துக்கு மார்க் போட்டு, பெருக்கிக் கூட்டறோம். எது மேலே வர்றதோ அதுதான் முடிவு. முதலாளியே நெனச்சாலும் மாத்த முடியாது."

ரெட்டைக் கை பொத்தான் என்றால் பெடல் கிடையாது. இரண்டு கைகளும் வெளியே, இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால்தான் இரும்புத் தலை இறங்கும். கை உள்ளே மாட்ட வழியே இல்லை.

விபத்து வாய்ப்புக்குத்தான் அதிக எடை வைத்தார்கள்: ஐந்து. அதைச் சொன்னவரே யதுநந்தன்தான். பிறகு பதிவேட்டைத் திறந்து காட்டினார். பக்கம் பக்கமாக வெள்ளை. "இந்த மார்க்கை நீங்க போடறதுதான் நியாயம், ஆறுமுகசாமி. மெஷின்ல நிக்கறவர் நீங்க" என்று பேனாவை நீட்டினார்.

அவனுக்குத் தெரியும். அந்த வருஷத்தில் ஆறு சுருள் பிளாஸ்திரி தீர்ந்திருந்தது. குப்புசாமியின் கட்டைவிரல், கெம்பம்மாவின் உள்ளங்கை, ஐந்தாம் நம்பரில் அப்போது இருந்த ரத்தினசாமியின் நகம். எல்லாம் அவன் கையால் கட்டியவை. எட்டு என்று எழுதினால் எப்படி எட்டு என்று கேட்பார்கள். பதிவேடு வெள்ளையாக இருக்கிறதே என்பார்கள். வாயைத் திறந்தால் பலகை சுழிக்கு வரும். அன்று பலகையில் 302. குக்கருக்கு இன்னும் இரண்டே மாதம். கீழே நாற்பது பேர் எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவன் வீட்டிலும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அவன் ஒன்று என்று எழுதினான்.

கம்ப்ரசர் ஜெயித்தது. ரெட்டைக் கை பொத்தான் பன்னிரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. இப்போது பெடலை மிதித்தபடியே கூட்டிப் பார்த்தான். ஐந்து எடை. ஒன்றுக்குப் பதில் நாலு போட்டிருந்தால் பதினைந்து புள்ளி ஏறியிருக்கும். எட்டுகூட வேண்டாம். நாலு போட்டிருந்தாலே போதும்.

*

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் காவேரி விழித்துக்கொண்டிருந்தாள். கை பெரிய வெள்ளைப் பொட்டலமாக நெஞ்சின் மேல் கிடந்தது. கெம்பம்மா ஸ்டூலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா" என்றாள் காவேரி. "போர்டை அழிச்சுட்டாங்களா?"

அவன் அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தான்.

"எல்லாருக்கும் மிக்ஸி போச்சுங்களே என்னால. கெம்பக்கா மகளுக்குக் குடுக்கறேன்னு சொல்லிட்டிருந்தாங்க."

"பிடு, மகளே, விட்டுத் தள்ளு, அந்தப் பேச்சு பேடா" என்று கெம்பம்மா ஒரு சுளையை அவள் வாயில் திணித்தாள். "மிக்ஸி இல்லேன்னா அம்மிக்கல்லு செத்தா போச்சு?"

ஆறுமுகசாமி கட்டிலின் இரும்புக் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். சொல்லிவிட வேண்டும் என்று வந்தவன், ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினான்.

ஷிப்டு முடிந்து கிளம்பும்போதே கேட்டில் வாட்ச்மேன் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். நாளைக் காலை பத்து மணிக்குக் கமிட்டி. விஷயம்: காவேரி சம்பவம். முடிவு அட்டவணை முறையில் எடுக்கப்படும்.

*

மறுநாள் விடியற்காலை வாசலில் கூட்டம் நின்றது. யாரும் வருகைச் சீட்டுக் குத்தவில்லை. ஆறுமுகசாமி அவர்கள் தோள்களுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

பலகையில் 392.

"இதென்னங்க சாமி இது?" என்று குப்புசாமி வாட்ச்மேனைக் கேட்டான். நாலாம் நம்பர் பிரஸ்காரன். எதையும் நக்கலாகவே கேட்பவன். "நேத்து விழுந்தது ரெண்டு வெரல்தானே, முழு ஆள் விழுந்தாத்தான் கணக்கா?"

"ஆபீஸ்ல சொன்னாங்க. அது விபத்து இல்லையாம். அஜாக்கிரதையாம்" என்றார் வாட்ச்மேன், தரையைப் பார்த்து.

ஆறு மணிச் சங்கு ஊதியது. போனார்கள். அடித்தார்கள். ஐந்தாம் நம்பரை யாரோ இரவோடு இரவாகத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தார்கள். புதுப்பெண் மாதிரி பளபளவென்று நின்றது. எட்டு மணி டீ இடைவேளையில் கம்ப்ரசருக்குப் பின்னால் எல்லாரும் கூடினார்கள். ஆறுமுகசாமி டீயைக் கீழே வைத்தான்.

"ஒரு விஷயம் சொல்லோணும்" என்றான். "ரெட்டைக் கை பொத்தானை முதலாளி வேண்டாம்னு சொல்லலீங்க. நான்தான் சொன்னேன். விபத்து வாய்ப்பு பத்துக்கு எத்தனைன்னு கேட்டாங்க. ஒண்ணுன்னு எழுதினேன். அந்த ஒண்ணை வெச்சுத்தான் இன்னிக்குக் காவேரியை வெளிய அனுப்பப் போறாங்க. மெஷின்ல ஆபத்தே இல்லேன்னா, தப்பு அவ மேலதானே."

கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒன்றால் வந்த கம்ப்ரசர்.

ரத்தினசாமி எழுந்து அவன் எதிரில் வந்து நின்றான். நாற்பது வயது, பேச்சு குறைவு. இடது கை நடுவிரலில் நகம் இல்லை.

"அஞ்சாம் நம்பர் ரெட்டை அடி அடிக்குதுன்னு ஆவணியிலேயே உங்ககிட்டச் சொன்னேனே" என்றான். "கட்டுப் போடறப்பவே சொன்னேன்."

"சொன்னீங்க."

"பொறகு ஏன்யா ஒண்ணுன்னு எழுதினே?"

மரியாதை போனதை ஆறுமுகசாமி கவனித்தான். அது சரியென்று பட்டது.

"குக்கருக்காக" என்றான்.

ரத்தினசாமி அடிப்பான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் அடிக்கவில்லை. நகமில்லாத விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நானும் அதுக்காகத்தான் காரணத்தை மறைச்சு நம்பர் ஏழுக்கு மாத்திக் கேட்டேன்" என்றான் கடைசியில். "ரெட்டை அடின்னு எழுதிக் குடுக்கல. முதுகு வலிக்குதுன்னு எழுதிக் குடுத்தேன். அப்பத்தான் அவளை அதுல போட்டாங்க."

கெம்பம்மா டம்ளரைக் கவிழ்த்து மண்ணில் மிச்சத்தைக் கொட்டினாள். "யாரு யாரைத் திட்டறது?" என்றாள். "எங்க வீட்டு அடுப்புல அந்தக் குக்கர்தான் நிக்குது. நேத்து ராத்திரி விசில் அடிச்சுது. எந்திரிச்சு ஸ்டவ்வை அணைச்சுட்டேன். அன்னம் பாதி வெந்ததைத் தின்னோம்."

"அக்கா, இப்ப ஆறுமுகண்ணன் மாடிக்குப் போய்ப் பேசினா அவரையும் தூக்கிருவாங்க" என்றான் குப்புசாமி. நக்கல் இல்லாமல் அவன் பேசி யாரும் கேட்டதில்லை. "பொய்க் கணக்குன்னு சொல்லுவாங்க. மிக்ஸியும் போகும்."

"போகட்டும்" என்றான் ஆறுமுகசாமி.

"உங்களைக் கேக்கல. எங்களைத்தான் கேட்டுக்கறேன்."

சங்கு ஊதியது. யாரும் ஒன்றும் சொல்லாமல் மெஷினுக்குப் போனார்கள். பத்து மணிக்கு அவன் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான்.

*

மாடி அறையில் முதலாளி முரளிதரன் இருந்தார். சட்டைப் பையில் தங்க மூடி போட்ட பேனா. யதுநந்தன் பலகையில் கட்டம் போட்டு முடித்திருந்தார். குறுக்கே மூன்று வழிகள்: மெஷின் கோளாறு, மேற்பார்வைக் கோளாறு, தொழிலாளி அஜாக்கிரதை. நெடுக்கே பொருத்தங்கள். சில கட்டங்கள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன.

"உட்காருப்பா" என்றார் முரளிதரன். "எனக்கும் வருத்தம்தான். சின்னப் பொண்ணு. ஆனா வருத்தத்துல முடிவெடுத்தா கம்பெனி நடத்த முடியாது. அதுக்குத்தானே இந்த முறையைக் கொண்டாந்தோம்."

"இந்தக் கட்டத்துல மெஷின் ஆபத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கீங்களே சார்" என்று ஆறுமுகசாமி யதுநந்தனைக் கேட்டான்.

"அது நீங்க போட்டதுதான். புரட்டாசி மாசத்து ஷீட்லேர்ந்து எடுத்தேன். உங்க கையெழுத்து இருக்கு." யதுநந்தன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "கூட்டினா அஜாக்கிரதைதான் மேலே வர்றது. நான் ரெண்டு தடவை கூட்டிப் பாத்துட்டேன்."

"அந்த ஒண்ணு பொய்யிங்க சார்."

முரளிதரன் பேனா மூடியைக் கழற்றியவர் அப்படியே நிறுத்தினார்.

ஆறுமுகசாமி டப்பாவைத் திறந்து மேஜை மேல் கவிழ்த்தான். பஞ்சு, டிஞ்சர் புட்டி, கத்தரிக்கோல், காலியான ஆறு பிளாஸ்திரி வளையங்கள். எதற்கு அவற்றை எறியாமல் வைத்திருந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"ஒரு வருஷத்துல இத்தனை பேருக்குக் கட்டியிருக்கேன். ஒண்ணுகூட உங்க பதிவேட்டுல இல்ல. போர்டு போயிரும்னு மறைச்சோம். அஞ்சாம் நம்பர் ரெட்டை அடி அடிக்கும்னு எனக்கு நாலு மாசமாத் தெரியும். அந்த மார்க்கு எட்டுங்க சார். எட்டுன்னு போட்டுக் கூட்டுங்க."

"அப்ப, பொய்க் கணக்கு எழுதினேன்னு ஒத்துக்கற."

"ஆமாங்க."

"அதுக்கு என்ன நடவடிக்கைன்னு தெரியுமில்ல?"

"தெரியுங்க. எனக்கு எது வேணும்னாலும் பண்ணுங்க. காவேரி கட்டத்துல இருக்கற ஒண்ணை மொதல்ல அழிங்க."

"முறைன்னு ஒண்ணு இருக்கு, ஆறுமுகசாமி" என்றார் முரளிதரன், சத்தம் உயராமல். "நீயும் உக்காந்து பேசி, நீயே மார்க் போட்ட முறை. தோத்த பின்னாடி ஆட்டத்தைக் கலைக்காதே. ஒருத்தன் வந்து டப்பாவைக் கவிழ்த்துட்டா அது சாட்சியா? எவன் வரப்போறான், எனக்கும் வெட்டுப்பட்டதுன்னு சொல்லிக்கிட்டு?"

ஆறுமுகசாமி கவிழ்ந்து கிடந்த டிஞ்சர் புட்டியை நிமிர்த்தி வைத்தான். கீழே அவர்கள் ஒன்றும் சொல்லாமல் மெஷினுக்குப் போனதுதான் அவன் கண்ணில் நின்றது.

அப்போது கீழேயிருந்து வந்த இரைச்சலில் ஒரு நடை குறைந்தது. காது தானாகப் பிரித்தது: ஏழாம் நம்பர். ரத்தினசாமி. ஏதாவது மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தான். பிறகு நாலாம் நம்பர் நின்றது. அப்புறம் ஆறாம் நம்பர், கெம்பம்மாவுடையது. ஒவ்வொன்றாகக் குறைந்து குறைந்து, கடைசியில் ஒன்று மட்டும் தனியாக நாலு அடி அடித்துவிட்டு அடங்கியது. யதுநந்தனின் மேஜை விசிறி சுழல்வது முதல் தடவையாகக் கேட்டது.

இரும்புப் படியில் காலடிகள். கதவு தட்டப்படவில்லை, திறந்தது.

"சார், அந்தப் புக்கைக் குடுங்க" என்றாள் கெம்பம்மா. பின்னால் ரத்தினசாமி, குப்புசாமி, படி முழுக்க மற்றவர்கள். பேக்கிங்கிலிருந்தும் வந்திருந்தார்கள்.

"எந்தப் புக்கு?"

"பேர் எழுதற புக்கு. எங்க பேரெல்லாம் பாக்கி இருக்குது."

"வேலை நேரத்துல மெஷினை விட்டுட்டு வந்தா என்ன அர்த்தம் தெரியுமா?" என்றார் முரளிதரன். இப்போது சத்தம் உயர்ந்தது. "இன்னிக்கு லோடு போகணும். அரை நாள் நின்னா ஆர்டரே போயிடும். அப்புறம் எல்லாரும் வீட்ல உக்காந்து குக்கரைப் பாத்துட்டு இருங்க."

"குக்கர் கீழ வாசல்ல இருக்குது சார்" என்றான் குப்புசாமி. "நான் மட்டும்தான் இன்னிக்கு எடுத்தாரச் சொன்னேன், வீடு பக்கமா இருக்குதுங்க. மத்தவங்க நாளைக்குக் கொண்டாருவாங்க."

முரளிதரன் போனை எடுத்தார். யாருக்கு என்று முடிவு செய்யாதவர் போல ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். யதுநந்தன் பலகையைப் பார்த்தார், பிறகு மேஜை மேல் கிடந்த ஆறு வளையங்களைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து பதிவேட்டை எடுத்து மேஜையின் ஓரத்தில் வைத்தார். கையில் கொடுக்கவில்லை, எட்டும் தூரத்தில் வைத்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

ஆறுமுகசாமி பேனாவைத் திறந்தான்.

"எழுதுய்யா" என்றான் ரத்தினசாமி. "ஆவணி மாசம், ரெண்டாம் சனிக்கிழமை. அஞ்சாம் நம்பர். ரெட்டை அடி. நகம். மறைச்சதுன்னும் எழுது. முதுகு வலின்னு பொய் சொன்னதும் எழுது."

எழுதினான். கீழே கையெழுத்து வாங்கினான். அடுத்தது கெம்பம்மா, கையெழுத்து வராது, ஸ்டாம்ப் மையில் கட்டைவிரல் வைத்தாள். உள்ளங்கைத் தழும்பையும் விரித்து யதுநந்தனுக்குக் காட்டினாள், அவர் கேட்காமலே. அடுத்தது குப்புசாமி. தேதி மறந்துபோனவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள்: அன்னிக்குத்தான் தண்ணி வரல, அன்னிக்குத்தான் உன் தம்பி கல்யாணத்துக்குப் பத்திரிகை வெச்ச. வரிசை படியிறங்கி, நின்றுபோன மெஷின்களுக்கு நடுவே போய், தகரச் சுவர் வரை நீண்டது.

மத்தியானம் இரண்டு மணி ஷிப்டுக்காரர்கள் வந்தபோது எழுத்து பதினேழாம் பக்கத்தில் இருந்தது. முரளிதரன் கார் எடுத்துக்கொண்டு போயிருந்தார். போலீசோடு வருவாரா, வக்கீலோடு வருவாரா என்று தெரியவில்லை. ஆறுமுகசாமிக்கு வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. வெள்ளைப் பலகைக் கட்டத்தில் ஒன்று அப்படியே இருந்தது. அதை அழிக்கும் அதிகாரம் அந்த அறையில் யாருக்கும் இல்லை என்று யதுநந்தன் சொல்லியிருந்தார்.

வந்தவர்கள் விஷயம் கேட்டார்கள். சிலர் திரும்பிப் போய்விட்டார்கள். மற்றவர்கள் சீட்டுக் குத்தாமல் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள்.

ஆறுமுகசாமிக்கு விரல் மரத்துப்போனது. பேனாவை எட்டாம் நம்பர்க்காரியிடம் கொடுத்துவிட்டு வரிசைக்கு முன்னால் வந்து நின்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என் பேரையும் எழுதுங்க" என்றான். "காயம் இல்ல. ஒண்ணுன்னு எழுதினது. தேதி எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

அவள் எழுதினாள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்கி வாசலுக்குப் போனான். வாட்ச்மேனின் சாக்பீஸ் பலகையின் ஓரத்தில் இருந்தது. உள்ளங்கையால் 392ஐத் துடைத்துவிட்டுப் பெரிதாக ஒரு சுழி போட்டான். வாட்ச்மேன் தடுக்கவில்லை. ஸ்டூலை நகர்த்திக்கொண்டு வந்து அந்தப் பலகைக்கு அடியிலேயே போட்டு உட்கார்ந்தார்.

"யாராவது அழிக்க வந்தா?" என்றான் ஆறுமுகசாமி.

"வரட்டும்" என்றார் அவர். "எனக்கும் பதினஞ்சு வருஷத்துக்கு முந்தி அந்த ரெண்டாம் நம்பர்ல நடந்தது ஒண்ணு இருக்குது. வரிசை கொஞ்சம் கொறையட்டும், வந்து சொல்றேன்."

வரிசை குறையவில்லை.